பதுங்குகுழிக் காட்சியில் சிரித்தது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வன்னி இளைஞர்கள் எடுத்த குறும்படம் ஒன்றைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் படித்தேன். இறுதிப் போர்க்கால இடப்பெயர்வைச் சொல்லும் படத்தில் பார்வையாளர் சிரிக்கும்படியான காட்சிகளை வைத்தது உயிரிழந்தவர்களை அவமதிக்கும் செயல் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவர் குறிப்பிடும் திரையிடலில், அதே பொதுநோக்கு மண்டபத்தில், நானும் இருந்தேன். அவருடைய கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் தம் உறவுகளைப் பறிகொடுத்தவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆயினும், துயரத்தைச் சொல்லும் படம் தொடக்கம் முதல் முடிவு வரை துயரமாகவே இருக்கவேண்டும் என்று அவர் வகுக்கும் விதியை எங்கள் இளைஞர்கள் ஏற்றுக்கொண்டால், எங்கள் கதையை எங்களாலேயே சொல்ல முடியாமற் போய்விடும் என்று அஞ்சுவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

படத்தைப் பாராதவர்களுக்காக அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு ஒரு குடும்பம் வீட்டைவிட்டுப் புறப்படுகிறது. கோழியைக் கொண்டுவரக் கூடாது என்று மகன் சொல்லியும் கேளாமல், பேத்தியாரான முதியவள் ஒரு பேட்டுக்கோழியை உரப்பைக்குள் மறைத்து எடுத்துவருகிறாள். அன்றிரவு பதுங்குகுழிக்குள் எல்லோரும் ஒடுங்கியிருக்க, மேலே விமானம் வட்டமிடுகிறது. அந்த நேரம் பார்த்துக் கோழி முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டுகிறது. விமானியின் காதில் விழுந்துவிடும் என்பதுபோல முழுக் குடும்பமும் கோழியைப் பார்த்து வாயில் விரலை வைத்து "உஸ்" என்கிறது. மண்டபம் சிரித்தது. அடுத்த நாள் தண்ணீருக்கு வரிசையில் நின்ற இடத்தில் அந்த முதியவள் இறந்துபோகிறாள். உரப்பைக்குள் கோழி கொக்கரித்துக்கொண்டே இருக்கிறது. மண்டபத்தில் அப்போது எவரும் சிரிக்கவில்லை. அதற்கு முன் உரக்கச் சிரித்தவர்களே எல்லோருக்கும் முன்பாகக் கண்களைத் துடைத்தார்கள்.

முதலில் ஒரு சாட்சியம். விமானம் மேலே சுற்றும்போது நாங்கள் பதுங்குகுழிக்குள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினோம். அது எவ்வளவு அர்த்தமற்றது என்பதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே அறிந்திருந்தோம், அறிந்துகொண்டே தாழ்த்தினோம். யாராவது ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினால், அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்துவிடுவார்கள். இருமிய கிழவரை அதட்டியதும், தும்மிய பிள்ளையின் வாயைப் பொத்தியதும் நடந்தவை. எனவே அந்த இளைஞர்கள் ஒரு சிரிப்பைக் கற்பனை செய்து துயரத்தின் மேல் ஒட்டவில்லை. அங்கே இருந்த ஒன்றை, நாங்கள் வெளியாருக்குச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்ட ஒன்றை, அவர்கள் எடுத்துவைத்திருக்கிறார்கள். இறுதிப் போரின்போது அவர்களிற் பலர் பாலர் வகுப்புப் பிள்ளைகள். இதை எவரோ ஓர் அம்மம்மாவிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கவேண்டும்.

சிரிப்பே இல்லாத எங்கள் குறும்படங்களின் நிலை என்ன என்பதையும் சொல்லவேண்டும். போர் முடிந்த மே மாதம் நெருங்கும்போது அவ்வகைப் படங்கள் பல வெளிவருகின்றன. அவற்றை எடுப்பவர்களின் உள்ளத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலானவற்றில் முதற் காட்சியிலேயே ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள். அவள் யார், அழுவதற்கு முன் எப்படிப்பட்டவளாக இருந்தாள், அயலவளோடு எதற்குச் சண்டை பிடித்தாள், எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நெல் அவித்தாள் என்பவை எவையும் எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. புல்லாங்குழல் ஒலிக்கும்; வயலின் அதனோடு சேரும்; எறிகணை விழும்; தாய் இறப்பாள். பார்ப்பவன் உண்மையாகவே அழுவான், ஆனால் தன் சொந்த இழப்பை நினைத்து அழுவானே ஒழிய, திரையில் இறந்த அந்தப் பெண்ணுக்காக அழமாட்டான், ஏனென்றால் அவளை அவனுக்குத் தெரியாது. வன்னியில் வாழாத ஒருவர், அது கொழும்புக்காரராக இருந்தாலும் கனடாவிற் பிறந்த எங்கள் பிள்ளையாக இருந்தாலும், அந்தப் படத்தைப் பார்த்தால் அவருக்குத் தென்படுவது ஒரு பிணம் மட்டுமே. கோழியை மறைத்துவைத்த முதியவளோ அப்படியல்லள். அவளுடைய பிடிவாதத்தை, கள்ளத்தனத்தை, பேரனுக்கு ஒரு முட்டையாவது கொடுக்கவேண்டும் என்ற கணக்கை, சிரித்துச் சிரித்தே நாங்கள் அறிந்துகொண்டோம். அதனாலேயே அவளுடைய சாவு எங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய சாவாயிற்று. துயரப் படத்தில் சிரிப்பு செய்யும் வேலை இதுதான் என்பது என் கருத்து. அழுத பார்வையாளனுக்குச் சற்று இளைப்பாறுதல் கொடுப்பது அதன் வேலை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

சிரிப்பையும் துயரத்தையும் எட்டவைத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் மரபில் இருந்ததாகவும் தெரியவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகைகளை, சொல்லும்போது நகையை, அதாவது சிரிப்பை, முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கையும், அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கையும் அது தருகிறது. இந்த எட்டையும் வகுப்பிற் கற்பித்த காலத்தில் நான் அவற்றைப் பரீட்சைக்கான பட்டியலாகவே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பாடத்திட்டம் அதற்கு மேல் கேட்கவுமில்லை. ஆனால் திரைப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பகுப்பு மிகவும் நுட்பமானது. எங்கள் சினிமா பெரும்பாலும் எள்ளல் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு நகைச்சுவையை நடத்திவந்திருக்கிறது. ஒருவனை இன்னொருவன் அடிப்பான், பட்டப்பெயர் சொல்லித் திட்டுவான், நாங்கள் சிரிப்போம். இளமையும் பேதைமையும் மடனும், அதாவது சிறுபிள்ளைத்தனமும் அறியாமையும் கபடமில்லாத வெகுளித்தனமும், துயரக் கதைக்குள் இயல்பாகவே இருப்பவை. பதுங்குகுழிக்குள் கோழியை அடக்கும் குடும்பத்திடம் இந்த மூன்றும் உண்டு. எள்ளலைப் பற்றிக்கூட, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. உலகமே எள்ளிய நிலையில் இருந்த எங்கள் சனங்கள் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்தது அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இராது. வடபகுதியின் காத்தவராயன் கூத்து, காத்தவராயன் கழுமரம் ஏறுவதை நோக்கியே செல்கிறது. முடிவு இன்னதென்பது கூத்துப் பார்க்க வந்த சிறுபிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் இரவு முழுவதும் அங்கே சிரிப்புக்குக் குறைவிருப்பதில்லை. வயதுக்கொரு காத்தானாக ஆட்கள் மாறி மாறி வர, மாறுவேடங்களும் ஏமாற்றுகளும் குத்தல் பேச்சுகளும் நடந்துகொண்டேயிருக்கும். விடியும் நேரத்தில் கழுமரம் எழும்போது, சற்று முன்வரை சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுவார்கள். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்திலும், நான் பார்த்த ஓர் அரங்கில், சிலம்பைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்கும் பொற்கொல்லன் தன் தொழிற்பெருமையைச் சொல்லிச் சபையைச் சிரிக்கவைத்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே அவன் அரண்மனைக்குப் புறப்பட்டுவிட்டான். அதைப் பழக்கிய அண்ணாவியாரிடம், இதனால் கண்ணகிக்கு அவமரியாதை என்று எவரும் போய்ச் சொல்லவில்லை.

அப்படியானால் சிரிப்பும் துயரமும் ஒன்றாக வரும் படங்கள் மீது எங்களுக்கு இந்த ஐயம் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டுச் சினிமாவின் தனி நகைச்சுவைப் பகுதியிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். நெடுங்காலமாக அங்கே நகைச்சுவைக் காட்சிகளைத் தனி எழுத்தாளர் எழுதி, தனியே படமாக்கி, கதைக்குள் ஆங்காங்கே செருகிவந்தார்கள். கதாநாயகனின் தங்கை நஞ்சருந்திய காட்சிக்கு அடுத்ததாக இருவர் வாழைப்பழத்துக்கு அடிபடுவார்கள். இது கலப்பு ஆகாது; ஒரே சுருளில் இரண்டு படங்கள் ஓடுகின்றன என்பதே பொருள். மின்பிறப்பாக்கியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, ஒரு வளவுக்குள் ஊரே கூடியிருந்து விடிய விடியப் படம் பார்த்த நாட்களில், மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும் என்று அஞ்சிக் கதையை ஓடவிட்டு நகைச்சுவையை மட்டும் பார்த்ததும் உண்டு, நகைச்சுவையை ஓடவிட்டுக் கதையை மட்டும் பார்த்ததும் உண்டு. இரண்டு விதத்திலும் படம் விளங்கியது. அப்படி வெட்டிப் பார்க்க முடிகிற சிரிப்பைக் கண்டு பழகியவர்கள், துயரக் கதைக்குள் சிரிப்பைக் கண்டால் அதையும் செருகல் என்றே எண்ணுவார்கள்.

ஆனால் வெட்ட முடியாத சிரிப்புள்ள படங்களும் அதே சினிமாவில் இருக்கின்றன. கே. பாலசந்தர் இயக்கிய முதற் படமான "நீர்க்குமிழி" 1965ஆம் ஆண்டு வெளிவந்தது. மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் அந்தக் கதையில், நாகேஷ் எல்லோரையும் சிரிக்கவைக்கும் நோயாளியாக வருகிறார், சாகப்போகிறவரும் அவரேதான். அவருடைய குறும்பை எடுத்துவிட்டால் அங்கே கதை என்று ஒன்றும் மிஞ்சாது. 2003இல் வந்த "பிதாமகன்" படத்தில் சூர்யா ஏற்ற பாத்திரம் சந்தையிலும் வீதியிலும் வாயாலேயே பிழைக்கும் ஏமாற்றுக்காரன். படத்தின் சிரிப்பு முழுவதும் அவன் தோளில் இருக்கிறது. அவன் கொல்லப்பட்டதும் படத்திலிருந்து சிரிப்பும் போய்விடுகிறது, பிறகு திரும்பி வருவதில்லை. அவன் இல்லாத வெறுமையை எந்த வசனமும் இல்லாமலே பார்வையாளர் உணர்ந்துகொள்கிறார்கள்.

இவ்வகையில் எனக்கு முதன்மையான படம், மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா 1982இல் தந்த "மூன்றாம் பிறை". விபத்தொன்றில் நினைவிழந்து குழந்தை மனத்துக்குத் திரும்பிய பெண்ணை மகிழ்விப்பதற்காக, கமல்ஹாசனின் பாத்திரம் குரங்கைப்போல ஆடிக்காட்டும். அப்போது அவளும் சிரிக்கிறாள், நாமும் சிரிக்கிறோம். படத்தின் இறுதியில், நினைவு மீண்டு, இடையில் நடந்தவற்றை மறந்து, பெற்றோரோடு புகையிரதத்தில் புறப்படும் அவளுக்குத் தன்னை அடையாளங்காட்ட அவன் அதே குரங்காட்டத்தைத் தலையிற் பானையோடு நிலைய மேடையில் ஆடுகிறான். ஆட்டம் அதேதான், உடலசைவும் அதேதான். அவளோ யாரோ ஒரு பைத்தியக்காரன் என்று எண்ணிக்கொள்கிறாள். முன்பு நாம் சிரித்திராவிட்டால் இந்தக் காட்சிக்கு எந்தப் பொருளும் இருந்திராது. இயக்குநர் அந்தச் சிரிப்பை முற்பகுதியில் எங்கள் கையில் தந்துவைத்து, இறுதியில் அதையே எங்கள் தொண்டையில் சிக்கவைக்கிறார். அந்த மேடையில் கமல்ஹாசன் அழுது புலம்பி, நீண்ட வசனம் பேசியிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று ஒருகணம் நினைத்துப் பார்க்கும்படி கடிதம் எழுதிய அன்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.

உலக சினிமாவில் இதைப் பேச வந்தால் சார்லி சாப்ளினைத் தவிர்க்க முடியாது. 1925ஆம் ஆண்டின் "கோல்ட் ரஷ்" படத்தில் பனியிற் சிக்கிப் பட்டினி கிடப்பவன் தன் சப்பாத்தை அவித்து, ஆணிகளை எலும்புபோலச் சூப்பி, கயிற்றை நூடில்ஸ் போலச் சுழற்றி உண்கிறான். 1846ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பனியில் அகப்பட்டு, பசியால் தோற்செருப்பையும் ஈற்றில் இறந்தவர்களின் உடலையும் தின்ற குடியேறிகளின் வரலாற்றைப் படித்ததிலிருந்தே அக்காட்சி தனக்குத் தோன்றியது என்று அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே நூலில் அவர் சொல்லும் சிறுபிராயச் சம்பவம் ஒன்று இன்னும் கூர்மையானது. அவருடைய தெருமுனையில் ஆடறுக்கும் கொட்டில் இருந்தது. ஒருநாள் ஓர் ஆடு தப்பி ஓட, அதைப் பிடிக்க முயன்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தடுமாற, தெருவே சிரித்தது. சிறுவன் சாப்ளினும் சிரித்தான். ஆடு பிடிபட்டுக் கொட்டிலுக்குள் கொண்டுசெல்லப்பட்டதும் அவன் வீட்டுக்கு ஓடி, அதைக் கொல்லப்போகிறார்களே என்று தாயிடம் அழுதான். துயரமும் நகையும் கலந்த தம் படங்களுக்கு அந்த ஆடுதான் அடித்தளமோ என்று அவர் பின்னாளில் வியக்கிறார். இங்கே கவனிக்கவேண்டியது, சிரிப்புக்கு ஒரு நிகழ்ச்சியும் அழுகைக்கு வேறொரு நிகழ்ச்சியும் இல்லை என்பதே. ஒரே ஆடு, ஒரே ஓட்டம்.

இத்தகைய படங்களுக்கு எதிரான வாதத்தில் வலு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இத்தாலியரான ரொபேர்த்தோ பெனினி 1997இல் இயக்கி நடித்த "லைஃப் இஸ் பியூட்டிபுல்" படத்தை இங்கே பலர் எடுத்துக்காட்டுவார்கள். நாசி வதைமுகாமுக்குள் தன் சிறு மகனிடம், இது ஒரு விளையாட்டு, ஆயிரம் புள்ளி சேர்ப்பவருக்கு உண்மையான போர்த்தாங்கி பரிசு என்று ஒரு தந்தை சொல்லிவைக்கிறான். மறைவிலிருந்து பார்க்கும் மகனுக்காக, சுடப்படுவதற்கு நடத்திச் செல்லப்படும்போதும் கோமாளிபோலக் கால்களை வீசி நடந்துகாட்டுகிறான். அந்த நடை உன்னதமான காட்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் படம் மூன்று ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. ஆயினும் வன்னியிலிருந்து பார்க்கும்போது ஓர் இடறல் ஏற்படுகிறது. எங்கள் பிள்ளைகளை அப்படி ஏமாற்றியிருக்க முடியாது. புறப்படும் ஒலியைக் கேட்டே எறிகணை எங்கே விழும் என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எங்கள் பிள்ளைகள். பெரியவர்களைச் சிரிக்கவைத்தவர்களும் பல வேளைகளில் அவர்களே. பெனினியின் படத்தில் சிரிப்பு தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. எங்கள் கதையில் அது எதிர்த்திசையில் வரவேண்டும் என்று எனக்குப் படுகிறது. எந்தப் பெரிய படத்தின் அச்சையும் எடுத்து வன்னி மண்ணில் வார்க்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எங்கள் சனங்கள் எப்படிக் கதை சொல்கிறார்கள் என்பதைக் கேட்டால் போதும். எங்கள் ஒழுங்கையில் ஓர் அப்பு இருந்தார். எல்லோரும் கூரைத் தகரத்தையும் ஓட்டையும் கழற்றி ஏற்றியபோது, அவர் தம் வீட்டின் முதிரைக் கதவைப் பூட்டோடு கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார். திறப்பு அவருடைய இடுப்பில் இருந்தது. நிலையுமில்லாமல் சுவருமில்லாமல் தறப்பாளின்மேல் சாத்திக்கிடந்த அந்தக் கதவைப் பார்த்து, தருமபுரத்திலும் விசுவமடுவிலும் போவோர் வருவோரெல்லாம், "அப்பு, கதவைப் பூட்டிப்போட்டீங்களோ?" என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல், "கள்ளர் கூடின காலம், பூட்டாமல் விடலாமோ" என்பார். தேவிபுரத்தில் அது பதுங்குகுழிக்கு மூடியாயிற்று. இரணைப்பாலையில் காயப்பட்ட அவரை அந்தக் கதவின் மேலேயே கிடத்தித் தூக்கிச் சென்றார்கள். உயிர் தங்கவில்லை. இந்தக் கதையை அவருடைய வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறேன், அயலவர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். இரணைப்பாலையிலிருந்து தொடங்கிச் சொன்னவர் எவருமில்லை. எல்லோரும் பூட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள், சிரித்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள், கேட்பவனும் சிரிக்கும்வரை காத்திருந்துவிட்டே மேற்கொண்டு செல்கிறார்கள். திரைக்கதை எழுதுவது பற்றி எந்தப் பட்டறையிலும் இதைவிட அதிகம் கற்பித்துவிட முடியாது. செத்த வீட்டில் இரவிரவாகக் கடதாசி விளையாடுகிறவர்களும், எட்டுச் செலவன்று இறந்தவருடைய கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சிரிக்கிற மச்சான்மாரும் அந்த மனிதரை அவமதிப்பதாக எவரும் வழக்காடுவதில்லையே.

இனி, சிரிப்பது யார் என்ற கேள்வி. இதைக் கடிதம் எழுதியவர் தொடவில்லை; நானாயிருந்தால் இங்கிருந்துதான் தாக்கியிருப்பேன். 2000ஆம் ஆண்டு வெளிவந்த "தெனாலி" படத்தில் கமல்ஹாசன் எதைக் கண்டாலும் அஞ்சும் ஈழத்து அகதியாக, எங்கள் பேச்சுத்தமிழோடு வந்தார். பொருளாதாரத் தடைக்குள் இருந்த எங்களிற் பலர் அதை 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னரே பார்த்தோம். நாங்களும் சிரித்தோம், பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பயம் வந்த வழியைவிட, அந்தப் பயத்தின் வினோதங்களிலேயே படம் அதிக நேரம் செலவழிக்கிறது. சத்தம் கேட்டால் நடுங்குகிறவனைப் பார்த்து, சத்தம் கேளாத ஊரிலிருப்பவர் சிரிப்பதும், சத்தத்துக்குள் இருந்தவர் சிரிப்பதும் ஒன்றாகா. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற பிரெஞ்சுப் படமான "தீபன்" இதில் வேறொரு வழியிற் செல்கிறது. எழுத்தாளர் ஷோபாசக்தி ஏற்ற நாயகப் பாத்திரம், பிரான்சில் உள்ளவர்கள் சொல்லும் பகிடிகளின் சொற்கள் விளங்குகின்றன, சிரிப்புத்தான் வருவதில்லை என்று முறையிடும்போது, மனைவியாக நடித்துக்கொண்டிருக்கும் பெண், உமக்குத் தமிழிலும் பகிடி விளங்காதே என்ற கருத்தில் மறுமொழி சொல்கிறாள். அகதியைப் பார்த்து மற்றவர் சிரிக்கும் இடமல்ல அது. ஓர் அகதி இன்னோர் அகதியைச் சீண்டும் இடம். போலிக் கடவுச்சீட்டால் ஒன்றுசேர்ந்த அந்த இருவரும் அந்த ஒரு பகிடியாலேயே சற்றுநேரம் உண்மையான கணவன் மனைவியாகத் தெரிகிறார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், எங்கள் இளைஞர்களின் குறும்படத்திலும் கண்டிக்கவேண்டியவை உண்டு. உழவு இயந்திரத்தில் ஏற முயலும் கால் ஊனமான அயலவரை வைத்து அவர்கள் செய்திருக்கும் பகிடியை நான் ஏற்கமாட்டேன். நடக்க முடியாதவர்களையும் திக்கிப் பேசுகிறவர்களையும் காட்டிச் சிரிக்கவைப்பது தமிழ்நாட்டுச் சினிமாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். போரில் கால் இழந்தவர்கள் அந்த மண்டபத்திலேயே அமர்ந்திருந்தார்கள். அந்தப் பாத்திரம் தன்னைப் பற்றித் தானே ஒரு பகிடி விட்டிருந்தால் நிலைமை வேறு. அப்படிப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். இங்கே காமெராதான் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. கோழி கொக்கரிக்கும் இடத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிற்போல "டொய்ங்" என்று ஓர் ஓசையைச் சேர்த்திருப்பதும் தேவையற்றது. பார்வையாளருக்கு எங்கே சிரிப்பது என்று தெரியும். சொல்லிக்கொடுத்தால்தான் சிரிப்பு மலிந்துபோகிறது. ஆளில்லாக் காமெராவைப் பறக்கவிட்டு எடுத்த இடப்பெயர்வுக் காட்சி அழகாக இருந்தது என்று பலர் பாராட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கும் கலியாண வீடுகளில் அந்தக் காமெரா இரைந்துகொண்டு எழும்பும்போது, மணமக்களைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். 2009இல் வேவு விமானத்தை வண்டு என்று அழைத்த அதே சனங்கள். இரண்டு மெய்ப்பாடும் சேர்ந்திருக்கிற அந்தக் கலியாண வீட்டை எவராவது ஒரு குறும்படமாக எடுத்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

தாங்கள் இயலுமானால் இத்தகைய குறும்படங்களுக்கு ஞாயிறு இதழில் மாதம் ஒரு முறையாவது முறையான விமர்சனம் வெளியிட ஆவன செய்யவேண்டும். பாராட்டும் கண்டனமும் முகநூலிலேயே முடிந்துபோவதால், எடுத்தவர்களுக்கு எந்தக் காட்சி ஏன் நின்றது, எது ஏன் விழுந்தது என்று சொல்ல ஆளில்லை. அந்தக் குழுவினருக்கு இந்தக் கடிதத்தின் மூலம் ஒன்றை நேராகச் சொல்லிவைக்கிறேன். வாசகரின் கண்டனத்துக்கு அஞ்சிக் கோழிக் காட்சியை வெட்டிவிடவேண்டாம். வெட்டவேண்டியது படத்தின் இறுதி மூன்று நிமிடங்கள். முதியவள் இறந்து, பைக்குள் கோழி கொக்கரிப்பதைச் சிறுவன் கேட்டுக்கொண்டு நிற்கும் இடத்தோடு படம் முடிந்துவிட்டது. அதன் பிறகு வயலினோடு வரும் பாடலும், பெயர்ப் பட்டியலுக்கு முன் எழுத்தில் ஓடும் அறிவுரையும், அதுவரை உங்களை நம்பி உட்கார்ந்திருந்த சபையை நம்பாமல் சேர்த்தவை. அடுத்த திரையிடல் எந்த மண்டபத்தில் என்று அறிவித்தால், எங்கள் ஊரவர் சிலரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைத் தமிழாசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.